சம்மன் வந்தால் நமக்காக வாதாடுபவர் யார்?

வாகனக் கடன் பெறும்போது காப்பீட்டுப் பத்திரத்தையும் பெற்றுக்கொள்கிறோம். அதன் நிபந்தனைகளை வாசிப்போர் சிலரே. ஆயினும், நம் வாகனத்தால் ஒருவர் காயமுற்றோ உயிரிழந்தோ வழக்கு எழும் நாளில் அந்த நிபந்தனைகளே நம்மைக் காக்கும். சில வேளைகளில் நமக்கு எதிராகவும் நிற்கும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வாகன உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கப்படுவது வழக்கம். பாலிசிதாரரின் பெயரில் எதிர்வாதம் செய்யவும் சமரசம் பேசவும் பாலிசி நிபந்தனை நிறுவனத்துக்கு உரிமை அளிக்கிறது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் நிறுவனத்திடம் மாதச் சம்பளம் பெறும் வழக்கறிஞரே பாலிசிதாரருக்காக வாதாடுகிறார். நம் நாட்டிலோ, முழுநேரச் சம்பள ஊழியர் வழக்கறிஞராகத் தொழில் புரிவதை இந்திய பார் கவுன்சிலின் 49ஆம் விதி தடுக்கிறது. எனவே நிறுவனத்தின் சட்ட அதிகாரிகள் கோப்பைத் தயாரிக்க, பட்டியலிலுள்ள வெளி வழக்கறிஞர் வாதாடுகிறார்.

கோரப்படும் தொகை மிகையானது என்று வாதிடும்வரை அவர் நம் பக்கமே. ஆனால் ஓட்டுநர் உரிமம் செல்லாதது, பெர்மிட் இல்லை போன்ற கேள்விகள் எழுந்தால், நிறுவனத்தின் நலனும் நம் நலனும் பிரிகின்றன. உரிமம் செல்லாதது என்பது மட்டும் போதாது, உரிமையாளரின் கவனக்குறைவையும் நிறுவனம் நிரூபிக்க வேண்டும் என 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் இழப்பீட்டை முதலில் செலுத்தி, பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். உரிமத்தைச் சரிபார்த்தே ஓட்டுநரை அமர்த்தினோம் என்று கூற நாம் அங்கே இல்லையெனில், வேறு எவர் கூறுவார்?

ஆகவே வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டியவை:

• விபத்தை உடனே எழுத்துமூலம் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

• சம்மன் வந்ததும் நகலை அனுப்பி, ஒப்புகை பெறுங்கள்.

• நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதமின்றிப் பணம் தருவதாக வாக்களிக்காதீர்கள்.

• வழக்கறிஞர் நமக்காகவும் ஆஜராகிறாரா, நிறுவனத்துக்காக மட்டுமா என எழுதிக் கேளுங்கள். ஐயமிருப்பின் தனி வழக்கறிஞரை அமர்த்துங்கள். பெண்களும் குறைந்த வருமானமுடையோரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கோரலாம்.

• ஓட்டுநரின் உரிம நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

பிரீமியம் செலுத்திவிட்டோம் என்பதற்காகச் சம்மனைப் பெட்டியில் பூட்டிவைத்தல் தகாது. தீர்ப்பாயத்தில் நம் குரலும் பதிவாக வேண்டும்.