பலகை முனையில் விழும் பள்ளம்

கிள்ளான் தாமான் வீடுகளில், கார் நிறுத்துமிடத்தையே தச்சுப் பட்டறையாக்கிக்கொள்ள முடியும். மேசைமேல் வைத்து இயக்கும் சிறு பிளேனரை (இழைப்பு இயந்திரத்தை) வாங்கியதும் ஒரு குறை தலைகாட்டும். பலகை நடுவில் வழவழவென்று இழைந்து வரும். இரு முனைகளில் மட்டும் சில விரற்கடை நீளத்துக்குப் பள்ளம். பிளேடை மாற்றினாலும் போகாது, ஏனென்றால் கோளாறு பலகையின் எடையில் இருக்கிறது.

சுழலும் பிளேடுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ரோலர் பலகையை அழுத்திப் பிடிக்கிறது. வால்முனை முதல் ரோலரை விட்டு விலகும்போது பிடிமானம் ஒன்றாகக் குறைகிறது. அதற்குள் பலகையின் பெரும்பகுதி வெளியே தொங்குகிறது. ஏற்றம் போல முன்பக்கம் தாழ, வால் எழும்பிப் பிளேடில் கூடுதலாகச் சீவப்படுகிறது. தலைமுனை நுழையும்போதும் இதே கதைதான், திசை மட்டும் மாறும்.

நம் ஊர் மரங்களில் இது இன்னும் கடுமை. செங்கால் மரம் கனமீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் நிற்கும். 2.4 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனமுள்ள ஒரே பலகை சுமார் 22 கிலோ. மக்கிதா நிறுவனத்தின் 12 அங்குல பிளேனரே 28 கிலோதான்! அதனால் பிளேனரைத் தாங்கும் ஸ்டாண்டை உபரிச் செலவென்று நினைக்கக் கூடாது. அதுவும் இயந்திரத்தின் பாகமே. கால்கள் அகன்றிருக்கட்டும், பிளேனரைத் திருகி இறுக்குங்கள், கீழ்த்தட்டில் பாரம் ஏற்றுங்கள். மழைநீர் வடிய, கார் நிறுத்துமிடத்தின் தரை சரிவாகப் போடப்பட்டிருக்கும்; உயரம் திருத்தக்கூடிய கால்கள் வேண்டும்.

இருபுறமும் தாங்குமேசை அமையுங்கள். நீண்ட நேர்கோலை வைத்துப் பார்த்து, வெளி விளிம்பை அரை மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்தினால் பாரம் ஏறும்போது மட்டமாகிவிடும். ஒற்றை ரோலர் தாங்கி கொஞ்சம் கோணினாலும் பலகையைப் பக்கவாட்டில் இழுக்கும். வழுக்கும் பரப்புள்ள தட்டை மேசையே நல்லது. 2.4 மீட்டர் பலகைக்கு, உள்ளே தள்ளவும் வெளியே வாங்கவும் 5 மீட்டருக்கு மேல் நேரான இடம் தேவை. பிரிக்பீல்ட்ஸ் பழைய கடைவீடுகளில் நீளம் உண்டு, அகலம்தான் குறைவு. அங்கே மடக்கு மேசை உதவும்.

ரப்பர் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பாட்டன் பாட்டிகள் பால் வெட்டிய மரம். 25, 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் ஒரு காலத்தில் விறகாகப் போனது. வெட்டியவுடன் பூச்சியும் பூஞ்சையும் தாக்கும் அதை மருந்தேற்றி உலர்த்தி நாற்காலி மேசைக்கு உகந்ததாக்கியதில், கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளுக்குப் பெரிய பங்குண்டு. இம்மரம் பெரும்பாலும் குட்டைத் துண்டுகளாகவே கிடைக்கும். துண்டுக்கு இரண்டு பள்ளம் என்றால் நிறைய மரம் வீண். ஒரே கனமுள்ள துண்டுகளை ஒன்றன் வாலில் அடுத்ததன் தலை முட்டும்படி இடைவெளியில்லாமல் விடுங்கள். முதல் துண்டின் தலையிலும் கடைசித் துண்டின் வாலிலும் மட்டுமே பள்ளம் விழும். அந்த இரண்டு இடத்துக்கும் உதவாத கட்டைகளைப் போடலாம்.