மலை குழியான மத்தியானம்

முதலில் அந்தப் பெட்டியைப் பாருங்கள்! ஒட்டுப்பலகையில் செய்து கறுப்புச் சாயம் பூசிய பெட்டி, முகத்தில் இரண்டு கண்ணாடிக் கண்கள். பழுதான இரண்டு மடிப்புக் கேமராக்களிலிருந்து கழற்றிய 75 மி.மீ. லென்சுகள் அவை. இடைவெளி 63 மி.மீ.; நம் இரு கண்களுக்கும் நடுவே ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். செய்தவர் என் மாமா, தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறை, கேமரன் மலையில் பிரிஞ்சாங்குக்கு மேலே அவர் வீட்டுச் சமையலறை. மூன்று நாள் அங்கிருந்து நான் நகரவே இல்லை.

மாமா திருகைச் சுற்றுகிறார். பின்பக்கச் சிவப்புச் சன்னலில் 120 பிலிமின் எண்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கின்றன. "ஒத்தப்படை வந்தா மட்டும் நிறுத்தச் சொல்லுடா." 1, 3, 5... ஒரு தட்டலுக்கு இரண்டு சதுரப் படம். 12 படச் சுருளில் ஆறே ஜோடிதான்! சோவியத் நாட்டில் செய்த ஸ்புட்னிக் கேமராவும் இதே கணக்குத்தான்.

முதல் சுருளை சுங்கை பாலாஸ் சரிவில் எடுத்தோம். 1929இல் தொடங்கிய ‘போ’ தேயிலை நிறுவனத்தின் தோட்டம் அது. சமையலறையிலேயே கழுவி, நெகட்டிவை வெட்டாமல் அப்படியே அச்சிட்டு, இரண்டு பூதக்கண்ணாடிகளுக்கு நடுவே அட்டை வைத்த பார்வைப் பெட்டியில் செருகினோம். கண்ணை வைத்தேன். ஐயோ! தேயிலைச் செடியெல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் குழிந்து கிடக்கிறது. நிரைக்கு நடுவே ஓடும் நடைபாதை சுவராக எழுந்து நிற்கிறது!

"மாமா, மலை குழியாயிருச்சு!"

மாமா கைதட்டிச் சிரித்தார். லென்சு ஒவ்வொன்றும் தன் படத்தைத் தலைகீழாக எழுதும். பிலிமை நிமிர்த்திப் பிடித்தால் படங்கள் நேராகும், ஆனால் இடது கண்ணுக்கானது வலப்பக்கம் போய்விடும். கத்தரியால் வெட்டி, இடம் மாற்றி ஒட்டினார். மறுபடி பார்த்தேன். மலை எழுந்தது! இரண்டு கண்ணும் காணும் வேறுபாட்டிலிருந்துதான் ஆழம் பிறக்கிறது என்று 1838இல் வீட்ஸ்டன் விளக்கியதை, ஒரு கத்தரிவெட்டில் நான் கண்ணால் கண்டேன்.

ஆனாலும் தலை வலித்தது. மாமா பின்மூடியைக் கழற்றி, பிலிம் இருக்கும் இடத்தில் ட்ரேசிங் தாளை ஒட்டி, ஷட்டர்களைத் திறந்தே வைத்தார். தாளில் தொழிற்சாலைக் கூரை இரண்டு, தலைகீழாக. இடது கூரை ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. பக்கவாட்டு வேறுபாட்டைக் கண்கள் தாமாகவே சமாளிக்கும். ஒரு கண் மேலும் ஒரு கண் கீழுமாகப் பார்க்க அவற்றால் ஆகாது. மைலோ டின்னில் ஒரு துண்டு நறுக்கி லென்சுப் பலகைக்கு அடியில் சொருகினார். கூரைகள் சமமாயின.

அடுத்தது ஒளிக்கசிவு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது! கதவை அடைத்து, இருட்டில், எரியும் சின்ன விளக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். கீழ் மூலையில் ஒரே ஒரு நட்சத்திரம். அத்தையின் கறுப்புக் கம்பளி நூலில் ஒரு முழம் அதை அணைத்தது.

மிஞ்சியது இரண்டு ஷட்டர்களின் ஒற்றுமை. சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி, விநாடிக்கு ஒரு சுற்றாகச் சுழற்றி எடுத்தோம். இரு படங்களிலும் தாள் நின்ற இடம் 18 பாகை தள்ளியிருந்தது. கணக்குப் போட்டால், ஒரு கண் இருபதில் ஒரு விநாடி தாமதம்! காற்றில் கொழுந்து அசைந்துவிட அது போதும். இரண்டு விசைகளையும் ஒரே பித்தளைப் பட்டையால் பிணைத்த பிறகு தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.

இப்படி வீட்டில் தட்டிக்கொட்டியவர்தான் அமெரிக்காவின் சீட்டன் ராக்வைட்டும். அவர் கைவேலைதான் 1947இல் ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவாகக் கடைக்கு வந்தது. அதற்கு வெகுமுன்பே நம் மதுரையை இரட்டைப் படங்களாக்கி 1858இல் வெளியிட்டார், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லினேயஸ் டிரைப். அதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசிச் சுருள். அருகிலுள்ள செடி இரண்டு மீட்டருக்குக் கிட்டே வராமல் நின்றோம். லென்சு இடைவெளியைப்போல் முப்பது மடங்கு தள்ளி நிற்பது பழைய விதி. பனிமூட்டம் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. தட்!

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெரியம்மா தேத்தண்ணீர் குடிக்க வந்தார். அந்தச் சரிவில் பல வருடம் கொழுந்து பறித்தவர். சாதாரணப் படமாக ஒற்றை அச்சைக் காட்டினேன். "நல்லாருக்குய்யா" என்று வைத்துவிட்டார். பிறகு பார்வைப் பெட்டியைக் கொடுத்தேன். கண்ணை வைத்தவர் பேசவில்லை. தேத்தண்ணீர் ஆறியது. பெட்டியை இறக்காமலே கேட்டார்:

"மூணாவது நிரை மட்டம் தப்பி நிக்குதே. யாருய்யா அதை வெட்டுனது?"