ஆறு மாதக் கெடு யாருக்காக?

ஈரோடு கிழக்கு எம்.எல்.ஏ. திருமகன் ஈவெரா 2023 ஜனவரி 4-ல் காலமானார். பிப்ரவரி 27-ல் அங்கே இடைத்தேர்தல் நடந்து முடிந்துவிட்டது. இடையில் 54 நாட்கள்தான். மனம் வைத்தால் இவ்வளவு சீக்கிரம் நடத்த முடிகிறது.

இப்போது திருவாரூருக்கு வருவோம். 2018 ஆகஸ்ட் 7-ல் அத்தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த கருணாநிதி மறைந்தார். அக்டோபரில் ஐந்து மாநிலத் தேர்தல் அட்டவணை வெளியானபோது திருவாரூரின் பெயர் அதில் இல்லை. வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி, தேர்தலைத் தள்ளிவைக்கும்படி தலைமைச் செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். பிறகு 2019 ஜனவரி 28 என்று தேதி குறித்தார்கள். வேட்புமனுத் தாக்கலும் தொடங்கியது. கஜா புயல் நிவாரணப் பணி பாதிக்கும் என்று ஜனவரி 7-ல் அதையும் ரத்து செய்தார்கள். டெல்டா மக்கள் வீடிழந்து, தென்னை இழந்து நின்றது உண்மை. அந்தக் காரணத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால், நிவாரணம் சரியாக வரவில்லை என்று சட்டமன்றத்தில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினர் தேவைப்பட்டதும் அப்போதுதானே? கடைசியில் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து ஏப்ரல் 18-ல்தான் திருவாரூர் வாக்களித்தது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு, இடம் காலியான ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தச் சொல்கிறது. மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் தேவையில்லை. மத்திய அரசைக் கலந்தாலோசித்து, 'இப்போது நடத்துவது கடினம்' என்று தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் கெடு தளர்ந்துவிடும். இந்த இரண்டாவது விலக்குதான் என் கவலை.

2020 பிப்ரவரி இறுதியில் திருவொற்றியூர், குடியாத்தம் தொகுதிகள் அடுத்தடுத்த நாட்களில் காலியாயின. பதவிக்காலம் ஓராண்டுக்கு மேல் மீதமிருந்தது. கொரோனா காலம் என்பதால் கெடு தாண்டியதைக்கூட ஏற்கலாம். ஆனால், அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் பீகார் முழுவதற்கும் தேர்தல் நடந்தது. மத்தியப் பிரதேசத்தில் 28 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. மாநில அரசு சொன்ன சிரமங்களை ஏற்று, தமிழகத்தின் இந்த இரண்டு தொகுதிகளுக்கும் தேர்தல் வேண்டாம் என்று ஆணையம் முடிவெடுத்தது. 2021 பொதுத்தேர்தல்வரை அங்கே எம்.எல்.ஏ. இல்லை.

தேர்தல் எப்போது என்பதில் ஆளுங்கட்சிக்கு லாபநட்டக் கணக்கு உண்டு. அந்த அரசின் அதிகாரி எழுதும் கடிதத்தை வைத்துக் கெடுவைத் தளர்த்துவது முறையல்ல. தள்ளிவைத்தே தீர வேண்டுமென்றால், கடிதத்தையும் ஆணையத்தின் காரணங்களையும் அன்றே மக்கள் பார்வைக்கு வையுங்கள். அடுத்த தேதியையும் அதே உத்தரவில் அறிவியுங்கள்.