படத்தில் பாதை உண்டு, தரையில் இல்லை!

ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். இன்று அந்த வட்டாரத்தில் கார்கள் பிறக்கின்றன!

1998-ம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் எழுந்தன. 2010-ல் நிசான் கார், 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்.

கார் செய்யும் ஊரிலும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கன்டெய்னர் லாரிகள் பறக்கும் ரோட்டில், ஓரமாக மிதிக்க வேண்டும். இரவு ஷிப்டு என்றால் இன்னும் ஆபத்து.

எது நல்ல வழி? செல்போன் சொல்லும். ஆனால் அது தானாகச் சொல்வதில்லை. யாரோ வரைந்த படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறது.

ஊர் கூடி வரைந்த படம்

அப்படி ஒரு படம்தான் "ஓபன்ஸ்ட்ரீட்மேப்". 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இதைத் தொடங்கினார். பெயரைப் பதிவு செய்தால் போதும். யாரும் வரையலாம், பிழை திருத்தலாம். பெரும்பாலோர் கூலி வாங்காமலே வரைகிறார்கள்.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே இந்தப் படத்தின் மேல் குறித்தார்கள்.

எப்படிக் குறிப்பது?

ரோடு என்பது படத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டோடு சில குறிச்சொற்களைச் சேர்க்கிறார்கள். உயிர்நாடி அதுதான்.

ரோட்டை விட்டு விலகி, சைக்கிளுக்கென்றே தனிப் பாதை இருக்கிறதா? அதற்குத் தனிக் கோடு போட வேண்டும்.

ரோட்டின் மேலேயே பெயின்ட் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்களா? தனிக் கோடு கூடாது. ரோட்டுக் கோட்டிலேயே அதைக் குறிக்க வேண்டும்.

வெறும் ரோட்டு ஓரமா? அது சைக்கிள் பாதையே அல்ல!

இறங்கித் தள்ள வேண்டிய இடத்துக்கும், சைக்கிளுக்குத் தடை உள்ள இடத்துக்கும் வேறு வேறு குறிச்சொற்கள் உண்டு. தாரா, மண்ணா என்பதையும் சொல்ல வேண்டும். ஏரிக்கரை மண் பாதை கோடையில் சுகம். ஐப்பசி மழையில் சேறு!

ஆசை வேறு, உண்மை வேறு

"இங்கே சைக்கிள் பாதை இருந்தால் நன்றாயிருக்குமே" என்று ஆசைப்படலாம். அதற்காகப் படத்தில் போட்டுவிடக் கூடாது. அதை நம்பி வருகிறவர், லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வார்.

தடை இல்லாத கிராமத்து ரோட்டில் தடை என்று குறித்தாலும் கேடுதான். செல்போன் அந்த ரோட்டை ஒதுக்கிவிட்டு, அவரை லாரி ரோட்டுக்கே அனுப்பும்.

ஆகவே, கண்ணால் கண்டதை மட்டுமே குறிக்க வேண்டும். வேறு கம்பெனிப் படத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பதும் கூடாது.

வரையத் தெரியாதவர்கள் என்ன செய்வது? "இங்கே பாதை இல்லை" என்று படத்தில் ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள்.

தினமும் சைக்கிள் மிதிக்கிறவருக்குத்தான் எங்கே குழி, எங்கே மேடு என்று தெரியும். அவர் எழுதும் ஒரு வரி, பின்னால் வருகிறவரின் உயிரைக் காக்கும்!