போகிக்கு முன் பரண் ஏறுவோம்

மார்கழி பாதியைத் தாண்டிவிட்டால், மயிலாப்பூர், மந்தைவெளித் தெருக்களில் பழைய பேப்பர்காரரின் குரல் அடிக்கடி கேட்கத் தொடங்கும். ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த அந்தக் காலத்து வியாபாரியின் வாரிசு அவர். இன்று தராசும் ரொக்கமும் கொண்டு வருகிறார். குரலைக் கேட்டதும் எங்கள் அம்மா பரணை நிமிர்ந்து பார்ப்பார்; பிறகு எங்களைப் பார்ப்பார். அக்காள் தங்கை இருவரும் அதன் பொருளை நன்கு அறிவோம். ஒருத்தி ஸ்டூலில் ஏற வேண்டும். மற்றவள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எங்களுடையது மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அவர்களுடைய சின்னப் பையன், நாங்கள் இருவர் என எட்டுப் பேர். இத்தகைய வீட்டில் பொருள்கள் எப்படிச் சேருகின்றன, அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்தலாம் என்பதைப் பற்றி, பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றை இங்கே தோழியருடன் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஒன்றைக் கவனிப்போம். நம் வீட்டுக்குள் பொருள்கள் வருவதற்கு ஆண்டில் பல வாசல்கள் உண்டு. ஆடித் தள்ளுபடி என்றால் தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு நமக்காகவே திறந்திருப்பதுபோல் தோன்றும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாடை. ஒவ்வொரு திருமணத்திலிருந்தும் ஒரு தாம்பூலப் பை. புதுமனைப் புகுவிழாக்களிலிருந்து எவர்சில்வர் கிண்ணங்கள். ஆனால் வெளியே போவதற்கு இருப்பதோ போகி என்ற ஒரே வாசல்தான். அந்தக் காலத்து வீடுகளில் முற்றம், தாழ்வாரம், கொல்லைப்புறம், மச்சு என்று எத்தனையோ இடங்கள் இருந்ததால் இந்தக் கணக்கு உதைக்கவில்லை. வீடு இடிக்கப்பட்டு அடுக்குமாடி எழும்பியபோது பொருள்கள் மட்டும் குறையாமல் அப்படியே மாடியேறிவிட்டன.

போகியன்று வீட்டைச் சுத்தம் செய்வது வெறும் சடங்கு என்று எண்ணிவிட வேண்டாம். சென்னைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். அந்த மூன்று மாத ஈரம் அலமாரிக்குள்ளும் புகுகிறது. புத்தகத்தில் பூஞ்சணம், மரத்தில் கரையான், துணியில் பூச்சி எனக் கேடு விளைகிறது. மழை ஓய்ந்து இளவெயில் அடிக்கும் தை மாதத் தொடக்கம்தான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவைக்க ஏற்ற காலம். பட்டுப் புடவைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்றி வைக்கவேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் சரிகை அந்த இடத்திலேயே ஒடிந்துவிடும் என்பதை எங்கள் பாட்டியின் கூறைப்புடவை எங்களுக்குக் காட்டிவிட்டது.

சரி, எங்கே தொடங்குவது? வீடு முழுவதையும் ஒரே நாளில் கலைத்துப் போடுகிறவர்கள் இரவில் படுக்க இடமின்றித் தவிப்பார்கள். நாங்களும் தவித்திருக்கிறோம். ஜப்பானியப் பெண்மணி மாரி கொண்டோ எழுதிய நூல் 2014இல் ஆங்கிலத்தில் வந்தபின் உலகெங்கும் பேசப்பட்டது. அறை அறையாகச் செய்யாமல் வகை வகையாகச் செய்யுங்கள் என்கிறார் அவர். வீட்டிலுள்ள துணிகளை எல்லாம் ஓரிடத்தில் குவித்துப் பார்த்தால்தான் நம்மிடம் இத்தனை இருக்கிறதா என்பது தெரியுமாம். இது நல்ல யோசனை. எங்கள் வீட்டுத் தாம்பூலப் பைகளை மட்டும் குவித்து எண்ணினோம், எண்பத்து மூன்று! ஆனால் கையில் எடுத்தால் மனம் மகிழ்கிறதா என்று ஒவ்வொரு பொருளையும் கேட்கச் சொல்வதுதான் நமக்குச் சரிப்படவில்லை. பிரஷர் குக்கரின் மாற்று ரப்பர் வளையத்தைப் பார்த்து யாருக்கு மனம் மகிழும்? ஆயினும் அது இல்லாத காலையில்தான் அதன் அருமை விளங்கும். அந்த அம்மையாரே, மூன்று குழந்தைகளுக்குப் பிறகு தம் வீட்டில் ஒழுங்குக்கு முன்போல் முதலிடம் இல்லை என்று 2023இல் ஒப்புக்கொண்டார். படித்துவிட்டு எங்கள் அம்மா வெகுநேரம் சிரித்தார்.

உண்மையில் நமக்கு ஆசிரியர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஒன்று, அஞ்சறைப்பெட்டி. தாளிக்கும்போது கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாம் ஒரே நேரத்தில் கைக்கு எட்ட வேண்டும். எண்ணெய் காய்ந்தபின் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே, சேர்ந்து பயன்படுபவை சேர்ந்தே இருக்கின்றன. அதுவும் சில நாள் தேவைக்கு மட்டும். மீதிக் கடுகு பெரிய டப்பாவில், உயரமான அலமாரியில் இருக்கும். இந்த முறையை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோனால் என்ன? பள்ளிக்குக் கிளம்பும் காலைப் பரபரப்பில் சாக்ஸ், அடையாள அட்டை, ரிப்பன், கைக்குட்டை ஆகியவற்றை நான்கு இடங்களில் தேடிக்கொண்டிருந்தோம். இப்போது எல்லாம் வாசலுக்கு அருகே ஒரே தட்டில். சித்தப்பாவின் ஸ்கூட்டர் சாவியும் அங்கேயே குடிவந்துவிட்டது. அதுவரை அவர் நாளும் ஒருமுறை வீட்டையே அதிர வைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, கொலுப் பெட்டி. கொலு வைக்கும் வீடுகளில் பார்த்திருப்போம். ஆண்டில் பத்து நாள் மட்டுமே வெளியே வரும் மண் பொம்மைகள், பழைய மென்மையான வேட்டித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றப்பட்டு, கனமானவை அடியிலும் மெல்லியவை மேலுமாக அடுக்கப்பட்டிருக்கும். எந்தப் பெட்டியில் தசாவதாரம், எதில் செட்டியார் கடை என்று மூடியிலேயே எழுதியிருக்கும். கிறிஸ்துமஸ் குடிலின் சுரூபங்களை மூவரசர் திருநாளுக்குப் பின் எடுத்து வைக்கும் வீடுகளிலும் இதே முறைதான். பரணில் ஏறும் எந்தப் பெட்டிக்கும் இப்படி ஒரு பட்டியல் ஒட்டப்பட்டிருந்தால், ஒரு சுத்தியலுக்காக ஆறு பெட்டிகளை இறக்கும் துன்பம் இராது. எழுதத் தகுந்த பொருள் பெட்டிக்குள் ஏதுமில்லை என்று தோன்றினால், அந்தப் பெட்டி பரணுக்குப் போகவே வேண்டாம்.

இனி, எங்களுக்கு நேர்ந்த ஒரு தவறைச் சொல்லத்தான் வேண்டும். சென்ற ஆண்டு போகிக்கு நான்கு நாள் முன்பு, பாட்டியின் அலமாரியின் அடித்தட்டில் இருந்த பழைய செய்தித்தாள் கட்டை அப்படியே தூக்கிப் பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். பன்னிரண்டு கிலோ. வந்த பணத்தில் கரும்பு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கோயிலிலிருந்து திரும்பிய பாட்டி அந்தத் தட்டின் முன் நின்றவர் நின்றபடியே இருந்தார். "அதுக்குள்ளே ஒரு மஞ்சப் பை இருந்ததேடி" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பையில்தான் தாத்தாவின் இறப்புச் சான்றிதழும், பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வழங்கும் ஆணையும், தாத்தா வெளியூரில் பணியாற்றியபோது எழுதிய ஆறேழு இன்லண்ட் கடிதங்களும் இருந்தன. ஓடினோம். பேப்பர்காரரின் கடையில் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்த காகிதங்களுக்கு நடுவே, அப்பாவும் நாங்களும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து புரட்டினோம். அவரும் தம் வேலையை விட்டுவிட்டு எங்களோடு தேடினார். பை கிடைத்தது. சான்றிதழும் ஆணையும் இருந்தன. கடிதங்களில் நான்குதான் இருந்தன. "பெரியவங்க ஜாமானைத் தூக்கறதுக்கு முந்தி அவங்களை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா பாப்பா?" என்றார் அவர். திரும்பும் வழியெல்லாம் அப்பா ஒன்றும் பேசவில்லை.

பாட்டி ஏன் அதைச் செய்தித்தாள்களுக்கு அடியில் வைத்தார்? நகை இருக்கும் இடத்தைத்தான் திருடன் பார்ப்பான். பழைய பேப்பரை யார் தொடப்போகிறார்கள் என்று எண்ணினாராம். நமக்குக் குப்பையாகத் தெரிந்தது அவருக்குப் பெட்டகம். எட்டுப் பேர் வாழும் வீட்டில் எட்டு விதமான ஒழுங்குகள் இருக்கின்றன என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. இப்போது எங்கள் வீட்டில் ஒரு கூடை இருக்கிறது. ஒருவருடைய பொருளை மற்றவர் வேண்டாததாகக் கருதினால் அந்தக் கூடையில்தான் போடலாம். உரியவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளலாம். அல்லது போகட்டும் என்று சொல்லலாம். பாட்டி எடுத்துக்கொள்வதே அதிகம். பரவாயில்லை.

காகிதங்களைப் பற்றி மேலும் சிறிது கூறுவோம். 2015 டிசம்பர் முதல் இரு நாட்களில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, அடையாறு கரை புரண்டபோது, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்தபின் மெத்தையும் நாற்காலியும் தெருவில் குவிந்தன. அவற்றை மீண்டும் வாங்கலாம். மதிப்பெண் பட்டியல், வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை முதலியவற்றை இழந்தவர்கள் பட்ட பாடு பெரிது. நகல்கள் வழங்க அரசு சிறப்பு முகாம்களையே நடத்த வேண்டியிருந்தது. எனவே, முக்கிய ஆவணங்களை ஒரே உறையில், நீர் புகாத பையில், தரைமட்டத்துக்கு மேலே வைப்பதும், அது எங்கே இருக்கிறதென்று வீட்டில் இருவருக்காவது தெரிந்திருப்பதும் அவசியம். அதே 2015இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் என்னும் அரசு வசதியில் பல சான்றிதழ்களைக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளலாம். மின்கட்டண ரசீதுகளையும், பொருளே கெட்டுப்போன பிறகும் தங்கிவிட்ட உத்தரவாத அட்டைகளையும் மட்டும் தயங்காமல் கழிக்கலாம்.

ஆனால் பழைய எழுத்து எதையும் பார்வையிடாமல் எறியக் கூடாது. உ.வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தபோது, சில இடங்களில் சுவடிகள் ஆற்றில் விடப்பட்டதையும், வேறிடத்தில் நெருப்பில் இடப்பட்டதையும் கேட்டு நொந்தார். அதைச் செய்தவர்கள் தீயவர்கள் அல்லர். வீட்டையும் கோயிலையும் சுத்தம் செய்தவர்கள்தாம். அவர் காப்பாற்றியவை பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்தில் இருக்கின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த பழைய நூல்களும் இதழ்களும் 1994இல் சென்னைக்கு வந்து, அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாயின. நம் பரணில் கிடக்கும் தாத்தா காலத்து இதழ் ஒன்று அங்கே இல்லாததாகவும் இருக்கலாம் அன்றோ?

கடைசியாக, வீட்டை விட்டு வெளியேறும் பொருள் எங்கே போகிறது? முன்பு போகித் தீயில் விழுந்தவை கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓலை விசிறி போன்றவை. பின்னாளில் டயரும் பிளாஸ்டிக்கும் விழத் தொடங்கின. தை பிறக்கும் முன்னான குளிர்ந்த விடியலில் காற்று அசையாமல் நிற்பதால், புகை மேலே எழாமல் தரையோடு தங்கிப் பனியுடன் கலக்கிறது. 2018 ஜனவரி 13 அன்று அந்தப் புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. எரிக்காமல் குப்பையில் சேர்த்தால் மட்டும் போதுமா? தென் சென்னையின் குப்பை பல ஆண்டுகளாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையொட்டிய பெருங்குடியில்தான் மலையாகக் குவிந்தது.

தானமாகக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கூறுவதற்கில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபின், நம் கடலோர ஊர்களுக்கு நாடெங்குமிருந்து பழைய துணிகள் வந்து குவிந்தன. கிழிந்தவை, அழுக்கானவை, நாகப்பட்டினத்து வெயிலுக்கு உதவாத கம்பளிகள்! எல்லாம் இழந்து நின்ற மக்களும் அவற்றை ஏற்க முடியாமல் சாலையோரம் விட்டனர். கூஞ்ச் என்னும் தொண்டு நிறுவனம் அவற்றைத் திரட்டித் தரம் பிரித்து வேறு பயனுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே, கொடுக்கும் துணியைத் துவைத்து, பொத்தான் தைத்துக் கொடுப்போம். தைக்க மனம் வரவில்லையெனில், அது கரித்துணியாக நம் வீட்டிலேயே இருக்கட்டும். பாடநூல்களை இளைய வகுப்புத் தோழியருக்கோ, லஸ் பக்கத்துப் பழைய புத்தகக் கடைக்கோ கொடுக்கலாம். எண்பத்து மூன்று தாம்பூலப் பைகளில் எழுபதைத் தெருமுனைக் காய்கறிக்காரம்மாவிடம் கொடுத்தோம். அவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்; மறுவாரம் அதில் ஒன்றில்தான் எங்களுக்கே கத்தரிக்காயைப் போட்டுக் கொடுத்தார்.

இவ்வாண்டும் பரண் ஏறினோம். ஒன்பது பெட்டிகள் ஆறாயின. பாட்டியின் அலமாரி அடித்தட்டை அவரே தரையில் அமர்ந்து பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னதால் அந்த ஒரு தட்டுக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. செய்தித்தாள்கள் போயின. மஞ்சள் பை, நான்கு கடிதங்களோடு, இப்போது அவர் கட்டிலுக்கு மேலுள்ள ஆணியில் எல்லோரும் பார்க்கத் தொங்குகிறது.