உங்களுக்குத் தெரியுமா? பெயரையே இழந்த மெக்டொனால்டு சகோதரர்கள்

மெக்டொனால்டு சகோதரர்களால் தங்கள் சொந்தக் கடைக்கே 'மெக்டொனால்ட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொள்ள முடியவில்லை!

1961-இல் 27 லட்சம் டாலருக்கு நிறுவனமும் பெயரும், உரிமக் கடைகளை நடத்திவந்த ரே கிராக்கிடம் கைமாறின. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் இருந்த முதல் கடை மட்டும் சகோதரர்கள் கையில் மிஞ்சியது. பலகையில் 'தி பிக் எம்' என்று மாற்றி எழுதினார்கள். கிராக் சும்மா இருந்தாரா? பக்கத்திலேயே ஒரு மெக்டொனால்ட்ஸைத் திறந்தார். சில ஆண்டுகளில் பிக் எம் இழுத்து மூடப்பட்டது.

2016-இல் வந்த 'தி ஃபவுண்டர்' படம் சொல்வது இந்தக் கதையைத்தான். கிராக்காக மைக்கேல் கீட்டன். சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கும் நடிப்பு.

• கிராக் மில்க் ஷேக் கலக்கும் இயந்திரங்களை விற்றுவந்தவர். சகோதரர்களின் ஒரே கடை எட்டு இயந்திரங்களை ஓட்டுகிறது என்று அறிந்து, 1954-இல் நேரில் பார்க்கப் போனார். அப்போதே வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

• டென்னிஸ் தளத்தில் சாக்பீஸால் சமையலறையை வரைந்து, ஊழியர்களை வைத்து ஒத்திகை பார்க்கும் காட்சி கற்பனையல்ல. சகோதரர்கள் உண்மையிலேயே அப்படித்தான் திட்டமிட்டார்கள். படத்தின் மிக அழகான காட்சியும் அதுவே.

• பணம் கொட்டியது பர்கரில் மட்டுமல்ல. நிதி ஆலோசகர் ஹாரி சோன்பார்ன் தந்த யோசனைப்படி, கடை நிற்கும் இடத்தைக் கைப்பற்றி, கடை நடத்த உரிமம் பெற்றவர்களுக்கே வாடகைக்கு விட்டார் கிராக்.

• சகோதரர்களுக்கு ஆண்டுதோறும் லாபத்தில் பங்கு தருவதாகக் கிராக் கைகுலுக்கி வாக்களித்தார் என்கிறது படம். எழுத்தில் இல்லாத அந்தப் பங்கு கடைசிவரை வரவில்லை.