பிணை கிடைத்தும் வீடு வராத மகன்

சில ஆண்டுகளுக்கு முன், மாலைச் செபமாலை முடிந்ததும் எம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் என்னைக் காண வந்தார். சிறு திருட்டு வழக்கில் சிறையிலிருந்த அவருடைய மகனுக்கு நீதிமன்றம் பிணை வழங்கிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. ஆனால் பிணையாளர் இருவர் கையொப்பமிட வேண்டும். அண்டை வீட்டாரும் உறவினரும் கைவிரித்துவிட்டனர். என் பெயரில் சொத்து ஏதுமில்லை என்று கூறி, செபிப்பதாக வாக்களித்து அனுப்பிவிட்டேன். சொத்தில்லை என்பது உண்மைதான். ஆயினும் அது சாக்கு என்பதை அப்போதே உணர்ந்தேன். பின்னர் அறிந்துகொண்டவற்றை, இன்னொரு தாய்க்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 1999 முதல், தகுதியுள்ள கைதியரைத் தண்டனைக் காலம் முடியுமுன்பே, கணுக்காலில் மின்னணுப் பட்டை அணிவித்து வீட்டுக்கு அனுப்புகின்றனர். ஆனால் தங்குவதற்குத் தக்க முகவரி இல்லாதவர் அங்கும் வெளியே வர இயலாது. நம் நடுவண் அரசு 2023இல் வகுத்த மாதிரிச் சிறைச் சட்டமும், இத்தகைய கருவியை அணிய இசையும் கைதிக்கு விடுப்பு வழங்கலாம் என்கிறது. பிணையில் உள்ளவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை இடைவிடாது கண்காணிக்கும்படி நிபந்தனை விதிக்கலாகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவி வந்தாலும் வராவிட்டாலும், ஏழைக்கு முதலில் வேண்டியவர் ஒரு வழக்கறிஞர்.

அவரை இலவசமாகப் பெறுவது உரிமை, தருமம் அன்று. பீகார் சிறைகளில், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் பெறக்கூடிய தண்டனையினும் நீண்ட காலம் விசாரணையின்றிக் கிடந்தோரின் நிலையை 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வெளிக்கொணர்ந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் உள்ள எவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கோரலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவை, சிறையில் மகனுள்ள குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். முன்பு தண்டனை பெறாத விசாரணைக் கைதி, உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் அவரை விடுவிக்க வேண்டும், மற்றவர்க்குப் பாதி. மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய வழக்காயின் முதலாமவர்க்கு ஓராண்டு. இதற்காகச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளோர்க்கும் இது பொருந்தாது.

பிணை கிடைத்தும் ஏழு நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதமாகியும் பிணையாளர் கிட்டாவிடில் நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றம் கருதலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் பணித்தது. ஏழைக் கைதியரின் பிணைக்கெனப் பணம் தந்து உதவும் அரசுத் திட்டமும் அவ்வாண்டே வந்தது. சிலவகைக் குற்றங்களுக்கு அது கிடையாது.

பிணையாளர் பிறர் குற்றத்தைத் தம் தலையில் ஏற்பதில்லை. குறித்த நாளில் அவர் நீதிமன்றம் வருவார் என்பதற்கே பொறுப்பேற்கிறார். வராவிடில், எழுதிக்கொடுத்த தொகையைச் செலுத்த நேரிடலாம். இதை மறைத்து எவரையும் கையொப்பமிடச் செய்யலாகாது.

அந்த இளைஞன் முப்பத்துநான்காம் நாள் வீடு திரும்பினான். கையொப்பமிட்டவர்கள் எம் பங்கினர் அல்லர். சந்தையில் அத்தாயின் அருகே அமர்ந்து மீன் விற்கும் ஓர் இந்துப் பெண்மணியும் அவருடைய கணவருமே. வீட்டுவரி ரசீதை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு அவர்கள் நீதிமன்றம் சென்றனர்.